மாத்திரைக் கைமாத்து

என் மனைவி வெற்றிலை போட மாட்டாள். டீக்குக்கூடச் சர்க்கரை பாதிதான். அவளுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த ஆளின் சட்டையைப் பிடித்திருப்பேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கிறது என்பது எங்கள் வீதி முழுக்கத் தெரிந்த விஷயம். ஆனால் அப்படிச் சொல்ல யாருமே வரவில்லை. ஏனென்றால் அது ஒரு பழக்கம் என்று யாருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது.

நான் நிட்டிங் மெக்கானிக். துணி பின்னும் மெஷின்களுக்கு நடுவே நாளெல்லாம் நடந்துகொண்டே இருப்பவன். வீட்டிலும் அப்படித்தான். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே சாப்பிடுவேன். அவளோ ஓவர்லாக் டெய்லர். காலையில் மெஷின் முன் உட்கார்ந்தால் ஒன்றரை ஷிப்ட் முடியும்வரை எழுந்திருக்க மாட்டாள். நான் உட்காராதவன், அவள் எழாதவள். இரண்டும் சேர்ந்து ஒரு குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே மகன் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படித்தான்.

அவள் வேலை செய்யும் கம்பெனியில் பத்துப் பதினைந்து பெண்கள் ஒரு வரிசையாக உட்கார்ந்து தைப்பார்கள். இவள் ஓவர்லாக் மெஷினில் பனியனின் தோளை மூட்டித் தள்ளினால்தான் பின்னால் இருப்பவள் பேட்லாக் மெஷினில் கழுத்தைத் தைக்க முடியும். அவள் தைத்தால்தான் செக்கிங்குக்குத் துணி போகும். ஒருத்தி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் பின்னால் இருக்கிற அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். தைத்த பீஸுக்குத்தான் கூலி. அதனால் அந்த வரிசையில் யாருக்கும் வலி வரக்கூடாது. வந்தாலும் நிற்கக்கூடாது. என் மனைவி லீவே போடாதவள் என்று நான் ஒறம்பரை சொந்தக்காரர்களிடமெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். நல்ல பெருமை!

விஷயம் வெளியே வந்தது அவள் பிறந்த ஊரில், கொமரலிங்கத்தில். அவளுடைய அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. அத்தை என்ற முறையில் இவள்தான் முன்னால் நின்று சீர்த்தட்டை வைக்க வேண்டும். காலையில் வந்து இறங்கியபோது நன்றாகத்தான் இருந்தாள். வெயில் ஏற ஏற முகம் மாறியது. கொட்டாவி விட்டாள். மூக்கைச் சிந்தினாள். நாற்காலியில் உட்கார்ந்தவள் ஒரு காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள். நெற்றியிலும் கழுத்திலும் வியர்வை வடிந்தது, ஆனால் குளிர்கிறது என்று சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டாள். அண்ணி காபி கொண்டுவந்து கொடுத்தபோது, “ஒருக்கா சொன்னா தெரியாதா, வேண்டாம்னு” என்று எரிந்து விழுந்தாள். எரிந்து விழுவது எங்கள் வீட்டில் என்னுடைய வேலை. அதை அவள் எடுத்துக்கொண்டதே எனக்கு அதிசயமாக இருந்தது.

என் மாமியார் மகளைப் பார்த்த பார்வையிலேயே முடிவு செய்துவிட்டார். “எந்தக் கொள்ளிக்கண்ணு பட்டுச்சோ எம்புள்ளைக்கு” என்று உப்பும் மிளகாயும் எடுத்து மூன்று முறை சுற்றி அடுப்பில் போட்டார். மிளகாய் வெடித்தது. எல்லோரும் இருமினார்கள். இவள் இருமவில்லை, எழுந்து என்னிடம் வந்தாள்.

“ஏனுங்க, வண்டிய எடுங்க. மெடிக்கல் வரைக்கும் போயிட்டு வந்தர்லாம்.”

“தோடு போடற நேரத்துல எங்க போறது? சித்த நேரம் படு புள்ள. சோறு உண்டுட்டுப் போலாம்.”

“இப்பப் போகோணும்.”

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பிரசவத்தின்போதுகூட அவள் அப்படிப் பேசவில்லை. மச்சானின் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கடைத்தெருவில் இருந்த மருந்துக் கடைக்காரர் சீட்டு இல்லாமல் அந்த மாத்திரையைத் தர முடியாது என்றார். நியாயமான மனிதர். இவள் பர்சைத் திறந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள். டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டு. லேமினேஷன் போட்டிருந்தது! எங்கள் வீட்டு ரேஷன் கார்டுக்குக்கூட நாங்கள் லேமினேஷன் போட்டதில்லை. முதுகு பிடித்துக்கொண்டது என்று எப்போதோ ஒரு முறை ஆஸ்பத்திரிக்குப் போனாள், அப்போது எழுதியது. ஐந்து நாளைக்கு என்று அதிலேயே எழுதியிருந்தது. அந்த ஐந்து நாள் முடிந்து வருஷங்கள் ஆகியிருந்தன. கடைக்காரர் சீட்டைப் புரட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு அட்டை மாத்திரையை எடுத்து வைத்தார். இவள் கடைப்படியை விட்டு இறங்குவதற்குள் இரண்டைப் பிதுக்கி வாயில் போட்டு விழுங்கிவிட்டாள். தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

திரும்பி வந்த கொஞ்ச நேரத்தில் ஆளே மாறிவிட்டாள். சீர்த்தட்டு வைத்தாள், அழுத குழந்தையை மடியில் போட்டுக் கொஞ்சினாள், பந்தியில் நின்று எல்லோருக்கும் இலையில் லட்டு வைத்தாள். அண்ணியைக் கட்டிப் பிடித்துச் சிரித்தாள். “பாத்தியா, மொளகா சுத்துனதும் சரியாப் போச்சு” என்றார் மாமியார். எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. அவள் நோயாக இருந்ததைப் பார்த்து நான் பயப்படவில்லை. அவ்வளவு சீக்கிரம் நன்றாகிவிட்டாளே, அதைப் பார்த்துத்தான் பயந்தேன்.

வீட்டுக்கு வந்து தேடினேன். தேடினேன் என்பது மரியாதையான வார்த்தை, வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். கடுகு டப்பாவில் அட்டை. தலையணை உறையில் அட்டை. சாமி படத்துக்குப் பின்னால்கூட ஒன்று. சாமியையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டாளா என்று கத்தினேன். அவள் அசரவில்லை.

“நான் என்ன குடிச்சுப்போட்டு ரோட்டுல உளுந்து கெடக்கறனா? மாத்திரதானுங்க. டாக்டரு எழுதுனது. உங்க சித்தப்பன் தெனமும் குடிக்கறாரு, அவர போயிக் கேளுங்க.”

“ஒரு நாளைக்கு எத்தன போடற?”

“வலிக்கறப்ப போடுவனுங்க.”

“எப்ப வலிக்குது?”

அவள் சிந்திக்கிடந்த கடுகை அள்ள ஆரம்பித்தாள். போடாவிட்டால் வலிக்கிறது என்பதுதான் பதில். அதை அவள் வாயால் சொல்லவில்லை, நானும் அப்போது புரிந்துகொள்ளவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். ரத்தம் எடுத்தார்கள். முடிவைப் பார்த்த பெண் டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். இவள் இரண்டு வகை மாத்திரைகளைக் கலந்து தின்றிருக்கிறாள். சாதாரண வலி மாத்திரை கிட்னியைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சீட்டு மாத்திரை அவளை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. “இப்ப நிறுத்தினா, மிச்சம் இருக்கிற கிட்னியை வெச்சே காலம் பூரா ஓட்டிடலாம். நிறுத்தலைன்னா கொஞ்ச நாள்ல மெஷின்ல வெச்சு ரத்தத்தைச் சுத்தம் பண்ற நிலைமைக்கு வந்திரும்” என்றார். பிறகு, “இதுக்கு அடிமையாயிட்டீங்கம்மா” என்றார்.

என் மனைவி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். “அடிமைன்னெல்லாம் சொல்லாதீங்க டாக்டரம்மா. நாங்க கௌரவமான குடும்பமுங்க.”

டாக்டர் சண்டை போடவில்லை. ஒரேயடியாக நிறுத்தக்கூடாது, தான் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், வாரா வாரம் வர வேண்டும், கொஞ்ச நாள் வேலைக்குப் போகக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். கொடுக்க வேண்டிய மாத்திரையை நான் என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அன்று மாலை அந்த லேமினேஷன் சீட்டைக் கிழிக்கப் பார்த்தேன். கிழியவில்லை. தகரம் வெட்டும் கத்திரியை எடுத்துவந்து துண்டு துண்டாக வெட்டினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் துண்டுகளை அடுப்பில் போடப் போனபோது, “பாலித்தீனு எரிஞ்சா ஊடே நாறும், குப்பைல போடுங்க” என்றாள்.

அதன் பிறகு வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் கால் பரபரக்கிறது. எழாதவள் எழுந்துவிட்டாள். ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை அவளுக்கு. எலும்புக்குள் எறும்பு ஊர்கிறது என்றாள். நான் வாசலிலிருந்து அடுப்படிக்கு நடந்தால் அவள் அடுப்படியிலிருந்து வாசலுக்கு நடந்தாள். நடுவில் இடித்துக்கொண்டோம். ஒரு நாள் அப்படி இடித்துக்கொண்டபோது இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்தாள். “ஒண்ணே ஒண்ணு குடுங்க, ஒண்ணுதானுங்க, உங்களக் கையெடுத்துக் கும்படறன்” என்றாள். என்னைக் கும்பிட அவள் கை தூக்கியதே இல்லை. நான் வெளியே ஓடிப்போய்த் தெருமுனையில் நின்றுகொண்டேன். கொடுத்துவிடுவேனோ என்று என் மேலேயே எனக்குச் சந்தேகம்.

தெருமுனை மெடிக்கலில் போய்க் கத்தினேன். என் வீட்டுக்காரிக்கு இனி ஒரு மாத்திரை கொடுத்தாலும் கடையைக் கொளுத்திவிடுவேன் என்றேன். அவர் பயந்தாரோ இல்லையோ, தலையாட்டினார். நடுவேலையில் அனுமதி கேட்டு வீட்டுக்கு வந்து வந்து பார்த்தேன். அவள் கொட்டாவி விட்டால் சந்தேகம், விடாவிட்டாலும் சந்தேகம். குளித்துவிட்டு வந்தால் குளியலறையைத் துழாவினேன். மெஷினில் துணி ஓடும்போது ஒரு கோடு விழுந்தால் எந்த ஊசி என்று தேடுவோமே, அதுபோல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரே ஒரு முறை, “போலீஸ் வேலை பார்க்காதீங்க, புருஷனா இருங்க” என்று சொன்னார். சொல்வது சுலபம்.

ஆனால் அவள் நிறுத்திவிட்டாள். அதைச் சொல்லியாக வேண்டும். என் காவலால் இல்லை, அவளுடைய பிடிவாதத்தால். அளவு குறைந்து குறைந்து ஒரு நாள் என் சட்டைப் பை காலியானது. இருவருக்கும் சோறு இறங்கியது. ரத்தப் பரிசோதனையில் கிட்னி அதற்கு மேல் கெடவில்லை என்று வந்தது. “இதே மாதிரி இருந்தா போதும். ஆனா இனி ஒரு மாத்திரைகூடக் கூடாது, ஒண்ணு போட்டா பழையபடி ஆரம்பிச்சிரும்” என்றார் டாக்டர். அன்று திரும்பும் வழியில் நான் வண்டியில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன். அவள் என் முதுகில் ஒரு தட்டு தட்டி, “ரோட்டப் பாத்து ஓட்டுங்க” என்றாள்.

அதற்குப் பிறகுதான் அந்தப் புதுத் தவிப்பு ஆரம்பித்தது. வெறுமனே உட்கார்ந்திருக்கும்போது விரல் விட்டு எண்ணினாள். உதடு அசைந்தது. ஏதோ பேர்களைச் சொல்கிற மாதிரி இருந்தது. பழையபடி வந்துவிட்டதா?

“என்ன புள்ள எண்ணிக்கிட்டு இருக்கற?”

“கைமாத்துங்க.”

“யாருகிட்டப் பணம் வாங்குன?”

“பணமெல்லாம் ஆருக்குங்க வேணும்? மாத்திர.”

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு அவள் சொல்லச் சொல்லச் சிரிப்பு அடங்கியது. அவர்கள் வரிசையில் அது ஒரு வழக்கம். டீ நேரத்தில் ஒருத்தி, “தல விண்ணு விண்ணுங்குது” என்று சொல்லி வாயை மூடுவதற்குள் பக்கத்தில் இருப்பவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, “இந்தாங்க, ஒண்ணு போட்டுக்கங்க” என்று நீட்டிவிடுவாள். பன்னைப் பிய்த்துக் கொடுக்கிற மாதிரிதான். வாங்கியவள் மறுநாளோ அடுத்த வாரமோ திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வாங்கிய மாத்திரையையேதான் கொடுக்க வேண்டும், வேறு மாத்திரை செல்லாது. “அரிசி வாங்கிட்டு ராகி குடுப்பாங்களா?” என்று என்னைக் கேட்டாள். எங்கள் பக்கத்தில் பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை வாங்கினால் கோபுரமாகக் குவித்துத்தான் திருப்பிக் கொடுப்பார்கள். அதே நியாயம் மாத்திரைக்கும் வந்துவிட்டது. நான் கடைக்காரனோடு சண்டை போட்டேன், டப்பாக்களைக் கவிழ்த்தேன். ஆனால் அவள் தின்றதில் பாதி கடையிலிருந்தே வரவில்லை. நல்ல மனசுக்காரர்கள் கையிலிருந்து வந்தது. இதற்கு நான் யார் சட்டையைப் பிடிப்பது?

“திடுதிப்புனு ஊட்டுல உக்காந்துட்டன். வாங்குனத குடுக்காம போயிட்டாள்னு நாலு பேரு பேசுவாங்க. நாளைக்கு ஒரு அட்டை வாங்கிட்டுப் போயி எல்லாத்துக்கும் குடுத்துப்போட்டு வந்தர்றனுங்க. அப்பத்தான் எனக்கு நிம்மதி.”

நான் அவளை முறைத்துப் பார்த்தேன். முகத்தில் கள்ளமே இல்லை. மானம் ஒன்றுதான் தெரிந்தது. ஆனால் அந்த அட்டை அவள் கையில் கடையிலிருந்து கம்பெனி வரைக்கும் இருக்குமே, அந்த வழியில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும், தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தாள். நான் அன்று என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

“நீ போக வேண்டாம். நானே போயி அடைச்சுட்டு வர்றேன்.”

“நீங்களா?”

“ஏன், எனக்குக் குடுக்கத் தெரியாதா?”

அவள் யார் யாருக்கு என்று சொன்னாள். நான் எங்கே கேட்டேன்? கால் அதற்குள் வாசலில் இருந்தது. கம்பெனியில் எல்லோருக்கும் என்னைத் தெரியும், அவர்களே சொல்லிவிடுவார்கள் என்று கிளம்பிவிட்டேன்.

தெருமுனை மெடிக்கலுக்கே போனேன். கடையைக் கொளுத்துவேன் என்று கத்திய அதே ஆள் போய், அதே மாத்திரையில் இரண்டு அட்டை கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஊட்டுல அம்மாவுக்கு இல்லீங்களே?” என்றார். சத்தியமாக இல்லை, கம்பெனியில் வாங்கிய கைமாத்தைத் திருப்பிக் கொடுக்க என்றேன். “ஓ, அதுக்குங்களா” என்று எடுத்துக் கொடுத்துவிட்டார். சீட்டு கேட்கவில்லை. கைமாத்து என்றதும் அவருக்குப் புரிந்துபோனது எனக்கு எரிச்சலாக இருந்தது. எனக்கு மட்டும்தான் ஊரில் ஒன்றும் தெரியவில்லை.

மாலை டீ நேரத்துக்குக் கம்பெனி வாசலில் போய் நின்றேன். வாட்ச்மேன் சிரித்துக்கொண்டே உள்ளே விட்டார். வேப்ப மரத்தடியில் டீ கேனைச் சுற்றிப் பெண்கள் நின்றிருந்தார்கள். “எங்கூட்டுக்காரி உங்ககிட்ட மாத்திர கைமாத்து வாங்கியிருக்கறாளாமுங்க, குடுத்துட்டுப் போலாம்னு வந்தன்” என்றேன். எல்லோருக்கும் வெட்கம். “அட, அதப் போயி ஒரு பெருசுன்னு தூக்கிக்கிட்டு வந்தீங்களாக்கும்”, “வேண்டாமுங்ணா, அக்கா நல்லா இருந்தாச் சரி” என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டுவது எங்கள் பக்கத்து மரியாதை. நான் சின்னக் கத்திரியால் அட்டையை வெட்டி வெட்டிக் கொடுத்தேன். ஒருத்திக்கு ஒன்று, ஒருத்திக்கு இரண்டு. அயர்ன் போடுகிற பீகார்க்காரப் பையன்கூட, “பாபிஜி ஒன்னு வாங்கிச்சு” என்று என் மனைவியை அண்ணி முறை சொல்லிக்கொண்டு வந்து நின்றான். நாலைந்து பேர் இருப்பார்கள் என்று நினைத்து வந்தவன் நான். வந்துகொண்டே இருந்தார்கள். என் மனைவி இத்தனை பேரிடமா கை நீட்டியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே வெட்டினேன். வயதான செக்கிங் அம்மா ஒருவர் மட்டும் உண்மையாகவே வாங்கிக்கொள்ளவில்லை. “சாமி, எனக்கு மாத்திர வேண்டாம். அவள வேலைக்கு வரச் சொல்லு. அவ இல்லாம லைனே ஓடமாட்டீங்குது” என்றார்.

கூட்டம் கலைகிற நேரத்தில் ஒரு பெண் வேகமாக வந்தாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், கைக்குழந்தைக்காரி. என் மனைவிக்குப் பின்னால் உட்கார்ந்து பேட்லாக் ஓட்டுபவள். எங்கள் வீட்டுக்கு ஒரு முறை வந்து சாப்பிட்டிருக்கிறாள்.

“அண்ணே, எனக்கும் தரணும்ணே.”

“எத்தனம்மா?”

“அக்கா சொல்லலியா? ரெண்டு மூணு இருக்கும்ணே.”

நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. தகரக் கூரைக்குக் கீழே தைத்தால் யாருக்குத்தான் வேர்க்காது? கையில் இரண்டாவது அட்டையில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அதை வீட்டுக்கு எடுத்துப்போகக்கூடாது என்பதுதான் என் ஒரே நினைப்பு. “இந்தா, மிச்சத்தையும் நீயே வெச்சுக்க. அக்கா குடுத்தான்னு நெனச்சுக்க” என்று முழுசாகக் கொடுத்துவிட்டேன். கோபுரமாகக் குவித்துக் கொடுத்த மாதிரி எனக்குத் திருப்தி. “நல்லாயிருப்பீங்கண்ணே” என்று சொல்லி அதை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். நான் மிதப்பாக வீட்டுக்கு வந்தேன்.

அவள் தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். “எல்லாத்துக்கும் ஆச்சுங்களா?” என்றாள். ஆச்சு என்றேன். நடந்துகொண்டே ஒவ்வொருவராகச் சொன்னேன். ஒவ்வொரு பேருக்கும் அவள் தலையாட்டினாள். தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்குவதைப் பார்க்க முடிந்தது. கடைசியாக, “அந்தத் தூத்துக்குடிப் புள்ளைக்கும் குடுத்துட்டேன்” என்றேன்.

நறுக்குவது நின்றது.

“அவளுக்கு எதுக்குங்க குடுத்தீங்க?”

“தரோணும்னு சொன்னா.”

“அவகிட்ட நான் ஒண்ணுகூட வாங்குனதில்லீங்க.”

“பொறகு எதுக்கு வந்து கேக்கறா?”

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “கொழந்த பொறந்து வேலைக்கு வந்த புதுசுல, இடுப்பு கழண்டு போகுதுக்கான்னு அழுதுக்கிட்டு உக்காந்திருந்தா. அவளுக்கு மொதல் மாத்திர குடுத்ததே நாந்தானுங்க. என்ற சீட்டுல வாங்கித்தான் குடுத்தன். பொறகு அவளே வாங்கிக்கிட்டா.” அவரைக்காயை ஓரமாகத் தள்ளி வைத்தாள். “பொய் சொல்லிக் கேட்டிருக்கறாளே. அத்தன தூரத்துக்கு வந்துட்டாளாங்க?”

“எத்தன குடுத்தீங்க?” என்றாள். மிச்சம் முழுவதும் என்றேன். அவள் திட்டவில்லை. கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

“வண்டிய எடுங்க.”

“நீ இரு, நான் போயி வாங்கிட்டு வர்றேன்.”

“நீங்க போன லட்சணத்தத்தான் பாத்தனே.”

வண்டியை எடுத்தேன். கம்பெனிக்குத்தான், அவள் அத்தனை நாள் எட்டிப் பார்க்காத இடம் அது. அந்த அட்டையை மீட்க வேண்டுமென்றால் அவள்தான் கேட்க வேண்டும், கேட்டால் அது அவள் கைக்குத்தான் வரும். இரண்டும் எனக்குத் தெரியும். வழியெல்லாம் அவள் கை என் தோளைக் கெட்டியாகப் பிடித்திருந்தது.

வாட்ச்மேன் போய் அந்தப் பெண்ணை வெளியே அழைத்து வந்தார். என் மனைவியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது, உடனே சுருங்கியது.

“கண்ணு, அந்த அட்டையக் குடு.”

“அண்ணன்தாங்க்கா அவராக் கொடுத்தாரு.”

“தெரியும். குடு.”

“வலிக்குதுக்கா. தைக்கணும்லா.”

“அது மாத்திர உண்டாக்கற வலி கண்ணு. போடாட்டித்தான் வலிக்கும். எனக்கு அப்படித்தான் இருந்துச்சு.”

அந்தப் பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது. கண்ணில் தண்ணீரோடு கோபம். “நீங்கதானக்கா மொதல்ல கொடுத்தீக! ஒண்ணும் செய்யாதுன்னு சொன்னீக. இப்ப நீங்களே வந்து பிடுங்குதீக.”

நான் குறுக்கே பாயப்போனேன். என் மனைவி கையைக் காட்டி நிறுத்தினாள்.

“ஆமா. நாந்தான் குடுத்தேன். ஒண்ணும் செய்யாதுன்னு சொன்னதும் நாந்தான். எனக்கு என்ன செஞ்சுதுன்னு இப்பத் தெரியும். அதான் வந்திருக்கறேன். நாளைக்கு எங்கூட ஆஸ்பத்திரிக்கு வா. டாக்டரம்மா ஒண்ணும் திட்டமாட்டாங்க. அடிமைன்னு சொல்லுவாங்க. சொல்லிட்டுப் போறாங்க, நாம அப்படித்தான் ஆயிருக்கறோம்.”

எந்த வார்த்தைக்காக நாற்காலியை விட்டு எழுந்தாளோ அதை அவள் ரோட்டில் நின்று சொன்னாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தப் பெண் வெகுநேரம் நின்றாள். உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து அட்டையை எடுத்தாள். அதற்குள் இரண்டு மூன்று காலியாகியிருந்தது. மிச்சத்தை என் மனைவியின் உள்ளங்கையில் வைத்தாள்.

என் மனைவி அதைப் பார்த்தாள். விரல்கள் மெல்ல மடங்கின. ஒரு வார்த்தை பேசினாலும் ஏதோ ஆகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். வாழ்நாளில் நான் அசையாமல் நின்றது அப்போதுதான்.

“ஏனுங்க” என்றாள் என் பக்கம் திரும்பாமலே. “சீக்கிரம் வந்து வாங்குங்க. என்னால இதக் கையில வெச்சிருக்க முடியலீங்க.”

ஓடிப்போய் வாங்கினேன்.